உம்மாவின் அறையும் கச்சான் காற்றும்

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் பிறந்ததும் றேடியோவில் அந்த அறிவித்தல் வரும். சூரியன் வடக்கு நோக்கி நகர்வதால் ஏப்ரல் 5 முதல் 14 வரை இலங்கைக்கு நேர்மேலே உச்சம் கொடுக்கின்றது என்று ஆரம்பித்து, இன்று எந்தெந்த ஊர்களுக்கு மேலே, நண்பகல் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு என்று ஊர்ப் பெயர்களாக வாசித்துக்கொண்டு போவார்கள். என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வளவுக்குள் ஒரு தடியை நட்டு வைத்து, நிழல் தடியின் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும் அந்த நிமிடத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

“புள்ளயள், உள்ளுக்கு வாங்க. சூரியன் எங்கயும் ஓடிப்போகாது” என்று உம்மா விறாந்தையில் இருந்து சத்தம் போடுவார். பிறகு என்னைப் பார்த்து, “இது என்ன வெயில் மகள்? இனித்தானே கச்சான் வரப்போகுது” என்பார்.

கச்சான் என்றதும் கொழும்புப் பக்கத்துச் சகோதரிகளுக்கு வறுத்த கச்சான் கொட்டைதான் நினைவுக்கு வரும். சம்மாந்துறையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது முதலில் காற்று. மே மாதத்தில் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் மேற்கிலிருந்து வீசுகின்ற வரண்ட காற்று. மழையோடு வருவது வாடை, கடல் பக்கமிருந்து வருவது கொண்டல், வயல் பக்கமிருந்து வருவது கச்சான். வாப்பா ஹயாத்தோடு இருந்த காலத்தில், ஸுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலில் இருந்து நடந்து வரும்போதே முகத்தில் பட்ட காற்றை வைத்து இன்றைக்கு எது என்று சொல்லிவிடுவார். நான் படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்துவரும் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவில், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் கொட்டிவிடுகிறது. அங்கே வருடத்துக்கு 5000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை பெய்கிறது. ஈரத்தை இழந்த அந்தக் காற்று மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது, ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரு பாகை வீதம் சூடேறிக்கொண்டே வருகிறது. அதனால்தான் நுவரெலியாவில் மழையும் குளிருமாக இருக்கின்ற அதே நாளில் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் 36, 37 பாகை என்று வாசிக்கிறார்கள். அவர்களுடைய மழைக்காலந்தான் எங்களுடைய கோடைகாலம்.

ஏப்ரல் மாதத்து வெப்பமும் கச்சான் காலத்து வெப்பமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏப்ரலில் காற்றே இராது. புழுக்கம். வியர்வை உடம்பில் ஒட்டிக்கொண்டு காய மறுக்கும். கச்சானில் அப்படியில்லை. வியர்வை வந்த வேகத்திலேயே காய்ந்து போய்விடும். உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் மொறுமொறுத்துவிடும், ஆனால் உடம்பில் ஈரம் தெரியாததால் “எனக்கு அவ்வளவு வேர்க்கல்லயே” என்று நினைத்துக்கொள்வோம். உடம்பிலுள்ள தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், போவது தெரியாது. இந்த இரண்டாவது வகைதான் வயதானவர்களை ஏமாற்றுகின்றது. எங்களை ஏமாற்றியதும் அதுதான்.

2023 ஆம் ஆண்டைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் தெற்காசியாவுக்கான பருவகால எதிர்வுகூறல் வெளியாகியிருந்தது. 2010 ஆம் ஆண்டு தொடக்கம் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், மாலைதீவு முதலிய நாடுகளின் வானிலை நிபுணர்கள் கூடி, ஜூன் முதல் செப்டம்பர் வரையான பருவம் எப்படி இருக்கக்கூடும் என்று ஓர் அறிக்கை தருகிறார்கள். அந்த முறை, தெற்காசியாவின் பெரும்பகுதியில் மழை இயல்பளவாகவோ அதைவிடக் குறைவாகவோ இருக்கும், வெப்பம் இயல்பைவிடக் கூடும் என்று சொல்லியிருந்தார்கள். பசிபிக் சமுத்திரத்தின் மேல்நீர் வழமைக்கு மாறாகச் சூடேறுகின்ற எல் நினோ வரப்போகிறது என்ற பேச்சும் சேர்ந்திருந்தது. ஜூனில் அது வந்துவிட்டதாகவே அறிவித்தார்கள்.

மச்சானுக்கு அதை யாரோ கைபேசியில் அனுப்பியிருந்தார்கள். மஃரிபுக்குப் பிறகு விறாந்தையில் அவரும் அவருடைய காக்காவும் எங்கள் கண்டத்து வட்டவிதானையும் இருந்து பேசினார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு நிலைக்கதவோடு நின்று கேட்டேன்.

“இயல்பைவிடக் குறைவு எண்டா எவ்வளவு குறைவாம்? அதச் செல்லல்லயே” என்றார் காக்கா.

உயர்தரம் படித்துக்கொண்டிருந்த என் மகன்தான் அதை விளங்கப்படுத்தினான். முப்பது வருடத்து மழைக் கணக்கை எடுத்து, குறைந்ததில் இருந்து கூடியது வரை அடுக்கி, பத்துப் பத்தாக மூன்று கும்பமாகப் பிரிப்பார்களாம். கீழ்க்கும்பம் குறைவு, நடுக்கும்பம் இயல்பு, மேல்கும்பம் அதிகம். ஒன்றுமே தெரியாவிட்டால் மூன்றுக்கும் சம வாய்ப்பு. கடல் வெப்பத்தையும் காற்றையும் பார்த்து, இந்த வருடம் கீழ்க்கும்பத்துக்குள் விழ வாய்ப்புக் கூட என்று சொல்வதுதான் எதிர்வுகூறல். மழை பெய்யாது என்று அவர்கள் சத்தியம் பண்ணவில்லை. எத்தனை மில்லிமீற்றர் என்றும் சொல்லவில்லை.

“அப்ப சாத்திரம் மாதிரித்தான்” என்றார் வட்டவிதானை.

“சாத்திரம் இல்ல சாச்சா. குடை கொண்டு போறதா இல்லயா எண்ட மாதிரி” என்றான் மகன்.

எனக்கு அந்தப் பதில் பிடித்துப் போயிற்று. நூற்றுக்கு நாற்பது மழைக்குறி என்று கேட்டும் குடையோடு போகிறோம். மழை பெய்யாவிட்டால் குடை வீண் என்று யாரும் அழுவதில்லையே.

எங்கள் வயல் ஐந்து ஏக்கர். சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரில் விளைவது. அந்தக் குளம் நிரம்பினால் 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி கொள்ளும், நாட்டின் மிகப் பெரிய குளங்களில் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவனுக்குக் குளத்தின் பெருமை பாதிதான் வந்து சேரும். தலைப்பக்கத்தில் இருப்பவன் ஒரு நாள் கூடத் திறந்துவிட்டால் எங்களுக்கு இரண்டு நாள் குறையும். அதிலும் 2021 ஆம் ஆண்டு இரசாயன உரத்தைத் தடை செய்த பிறகு பட்ட கடன் இன்னும் தீரவில்லை. இன்னொரு போகம் பிழைத்தால் என் கழுத்தில் மிச்சமிருந்ததும் போய்விடும் என்ற நிலை.

ஆகவே மச்சான் குடையைக் கொண்டு போவது என்று முடிவு செய்தார். வழமையாக விதைக்கும் மூன்றரை மாத நெல்லான பீஜி 94-1 ஐ விட்டுவிட்டு, மூன்று மாதத்து பீஜி 300 ஐ விதைத்தார். ஐந்து ஏக்கரையும் விதைக்காமல் மூன்றை மட்டும் விதைத்து, மற்ற இரண்டிலும் பயறு போட்டார். நெல் பூக்கின்ற நேரத்தில் 35 பாகைக்கு மேல் சூடு பட்டால் மகரந்தம் கருகிப் பதராகிவிடும் என்பதால், கச்சான் முற்றுவதற்கு முன்பே பூத்துவிட வேண்டும் என்று நாட்கணக்குப் போட்டார். தண்ணீர் முறை எந்தக் கிழமை, எத்தனை மணித்தியாலம் என்று கலண்டரில் சிவப்புப் பேனையால் எழுதித் தொங்கவிட்டார். அந்தக் கலண்டர் குசினிக் கதவுக்குப் பக்கத்தில்தான் தொங்கியது. தேத்தண்ணி ஊற்றும்போதெல்லாம் என் கண் அதில்தான் படும். எனக்கு மனப்பாடம்.

அல்ஹம்துலில்லாஹ், வயல் எங்களைக் கைவிடவில்லை. பெரிதாக மிஞ்சவும் இல்லை, கடன்மேல் கடன் ஏறவும் இல்லை. அந்த ஆகஸ்டில் இந்தியாவில் 1901 ஆம் ஆண்டிலிருந்து கணக்கெடுத்ததில் ஆகக் குறைந்த ஆகஸ்ட் மழை பெய்ததாகச் சொன்னார்கள். எங்கள் நாட்டில் உடவளவைப் பக்கத்து விவசாயிகள் கருகுகின்ற வயலுக்குச் சமனல வாவியிலிருந்து தண்ணீர் கேட்டு வீதியில் இருந்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது மச்சான் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார். நாங்கள் தப்பினோம் என்று நினைத்துக்கொண்டோம்.

இனி உம்மாவின் அறைக்கு வருகிறேன்.

எங்கள் பகுதியில் மகளுக்கு வீடு கொடுக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் இருக்கும் வீடு உம்மாவும் வாப்பாவும் எனக்குத் தந்த வீடு. ஓட்டுக் கூரை, உயர்ந்த முகடு, முன்னறையில் இரண்டு பெரிய ஜன்னல். அந்த முன்னறைதான் உம்மாவுடையது. 2022 இல் என் மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்தபோது அவளுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீடு பாதியில் நின்றது. சீமெந்து மூடை விற்ற விலையில் யாருடைய வீடுதான் பாதியில் நிற்கவில்லை! மாப்பிள்ளையும் பிள்ளையும் இருக்க முன்னறையைக் கொடுத்தோம். உம்மாவுக்குப் பின்பக்கம், குசினியை ஒட்டி, ஒரு அறை இறக்கினோம். தகரக் கூரை. தாழ்வாரமாக இறக்கியதால் உயரமும் இல்லை. ஒரு ஜன்னல், அதுவும் மேற்கே. அறைக்கு இடம் காணாதென்று அந்தப் பக்கம் நின்ற மாமரத்தை வெட்டவேண்டி வந்தது.

உம்மா அறைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மரத்துக்குத்தான் சொன்னார். “மேக்குப் பக்கத்து மரத்தில கை வைக்காதங்க மகள். கச்சான் நேர உள்ளுக்கு வரும்.”

“பேன் போட்டுத் தாறம் உம்மா” என்றேன் நான்.

பேனும் போட்டுக் கொடுத்தோம்.

ஆகஸ்ட் முதல் வாரம். அறுவடை மெஷின் எங்கள் வயலுக்கு வந்த நாள். மெஷின்காரருக்கும் நெல் ஏற்றுகிறவர்களுக்குமாகப் பதினொரு பேருக்குச் சோறு. காலை ஏழு மணியில் இருந்து இரண்டு அடுப்பும் எரிகிறது. காஸ் விலைக்குப் பயந்து நாங்கள் விறகுக்குத் திரும்பியிருந்த காலம். குசினிச் சுவருக்கு மறுபக்கந்தான் உம்மாவின் அறை. வெளியே கச்சான் விசிறி அடிக்கிறது, வயலில் இருந்து வைக்கோல் தூசு வந்து ஜன்னலுக்குள் விழுகிறது என்று உம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பேன் ஓடியது. மேலே தகரம் கொதிக்க, அந்தக் கொதிப்பைக் கீழே தள்ளிக்கொண்டு ஓடியது.

லுஹருக்கு எழும்பித் தொழுததைக் கண்டேன். சோறு கொண்டுபோய் வைத்தேன். “பசிக்கல்ல, பொறகு தின்றன்” என்றார். அதற்குப் பிறகு நான் போகவில்லை. சோற்றுப் பார்சல் கட்டியது, பானை கழுவியது, மெஷின்காரர் கணக்கு என்று அஸர் வரைக்கும் போகவில்லை. அஸருக்கு வுழூச் செய்யத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கப் போனபோது, உம்மா பன்பாயில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து என் பெயரைச் சொல்லவில்லை. மவுத்தாகிப் போன தன் ராத்தாவின் பெயரைச் சொல்லி, “ஆத்துக்குப் போவமா?” என்று கேட்டார். நெற்றியில் கை வைத்தேன். அடுப்புக்கல் மாதிரி. ஒரு பொட்டு வியர்வை இல்லை.

மகன் 1990 க்கு அடித்தான். சுவசெரிய அம்புலன்ஸ் வரும்வரைக்கும் என்ன செய்யவேண்டும் என்று அவர்களே தொலைபேசியில் சொன்னார்கள். வெளியே நிழலுக்குத் தூக்கி வாருங்கள், தடித்த உடுப்பைக் கழற்றுங்கள், உடம்பு முழுதும் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள், கழுத்துக்கும் கமக்கட்டுக்கும் ஈரத்துணி வையுங்கள், நினைவு தடுமாறுவதால் வாயில் ஒன்றும் ஊற்றவேண்டாம் என்று. நான் தண்ணீர் பருக்கத்தான் ஓடினேன். மகன் தடுத்தான். அன்று அவன் தடுக்காவிட்டால் புரைக்கேறி வேறு விபரீதம் நடந்திருக்கும் என்று பிறகு டொக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் 104 காட்டியது. சேலைன் ஏற்றினார்கள். வாலிப வயதுப் பெண் டொக்டர் ஒருவர் கோப்பை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“இண்டைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சவ?”

தெரியவில்லை.

“எத்தனை தரம் சலம் போனவ?”

தெரியவில்லை.

“பிறஷருக்குப் போடுற குளிசையில சலம் போற குளிசையும் இரிக்கா?”

அதற்குந்தான் தெரியவில்லை. குளிசைப் பெட்டி வீட்டில் கிடந்தது.

சகோதரிகளே, அந்த நிமிடத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது குசினிக் கதவோரத்துக் கலண்டர். எங்கள் வாய்க்காலுக்குப் புதன்கிழமை காலை ஆறு மணிக்கு எத்தனை மணித்தியாலம் தண்ணீர் என்று யாராவது கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன். மூன்று ஏக்கர் நெல்லுக்கு எத்தனை முறை தண்ணீர் பாய்ந்தது என்பது தெரியும். பெற்ற தாய் அன்றைக்கு ஒரு கோப்பை தண்ணீர் குடித்தாரா என்பது தெரியாது. அந்த எதிர்வுகூறலை வயலுக்காகக் கேட்டோம், விதைநெல்லை மாற்றினோம், நாட்கணக்குப் போட்டோம். இயல்பைவிட வெப்பம் கூடும் என்ற அதே வரி, தகரத்துக்குக் கீழே படுத்திருக்கும் 74 வயது மனுஷியையும் பற்றியதுதான் என்று விறாந்தையில் இருந்த மூன்று ஆண்களுக்கும் தோன்றவில்லை. நிலைக்கதவோடு நின்ற எனக்கும் தோன்றவில்லை.

நான்கு நாட்களில் உம்மா வீட்டுக்கு வந்தார். ஆனால் முன்னைய உம்மா முழுதாக வரவில்லை. பெயர்கள் தடுமாறுகின்றன. நெடுநேரம் யோசித்துத்தான் சில சொற்களை எடுக்கிறார். டொக்டர் அதை வயது என்றும் சொல்லலாம், அந்த நாள் என்றும் சொல்லலாம் என்றார். நான் எப்படிச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

வந்த அன்றே முன்னறையை மகளும் மருமகனும் தாங்களாகவே விட்டுக்கொடுத்தார்கள். பின்னறைக்கு அவர்கள் போனார்கள். ஆனாலும் அந்த அறையை அப்படியே விடமுடியுமா? பிள்ளை வயிற்றில் இருந்தவள் மகள். தகரத்துக்கு மேலே கிடுகு வேய்ந்தோம். என் மூத்தம்மா காலத்தில் கிடுகு, வசதி வந்ததென்று தகரம், வசதி போதாதென்று மீண்டும் தகரத்தின்மேல் கிடுகு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே வந்து நின்றவர்கள் சிரிக்கவில்லை.

ஜன்னலுக்குச் சாக்கு கட்டித் தண்ணீர் தெளித்தோம். இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கச்சான் வரண்ட காற்று என்பதால் ஈரச் சாக்கினூடாக வரும்போது நன்றாகக் குளிர்கிறது. இதையே ஏப்ரல் புழுக்கத்தில் செய்தால் அறைக்குள் ஈரம் கூடி மூச்சு முட்டும். அடுத்த ஏப்ரலில் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஏப்ரலில் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடவேண்டும். கச்சானில் பகலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, இரவில் அடங்கிய பிறகு எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். பேனை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. கையும் முகமும் கழுத்தும் நனைந்திருந்தால்தான் சூட்டில் பேன் உதவும்.

உம்மாவுக்கு ஒரு போத்தல் ஒதுக்கினேன். காலையில் நிரப்பி வைத்தால் லுஹருக்கு முன் காலியாக வேண்டும், மறுபடி நிரப்பினால் மஃரிபுக்கு முன். வயது போனால் தாகம் எடுப்பதே குறைந்துவிடுமாம். “தாகமில்ல” என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல, உடம்பு கேட்பதில்லை. ஆகவே கேட்டுக் கொடுப்பதில் பயனில்லை, கொடுத்துவிட்டு நிற்கவேண்டும். சீனி வருத்தக்காரி என்பதால் சர்பத் இல்லை. உப்புப் போட்ட மோர், கஞ்சி, வெள்ளரிப்பழம். சலம் மஞ்சளாக இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேட்கிறேன். முதலில் கோபித்தார், இப்போது தானே சொல்கிறார். சலம் போகிற குளிசையை கச்சான் மாதங்களில் எப்படிப் போடுவது என்று டொக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொண்டோம். நாமாக நிறுத்திவிடக்கூடாது. அது வேறு ஆபத்து.

சமையலை மாற்றியதுதான் எனக்கு ஆகக் கஷ்டம். சோறு கறி இரண்டும் காலை ஒன்பது மணிக்கு முன்னே. பகலில் அடுப்பு மூட்டுவதில்லை. கொதிக்கக் கொதிக்கச் சோறு வேண்டும் என்று மச்சான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கினார். மூன்றாம் நாள் கலண்டரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். வயலின் தண்ணீர் முறைக்குப் பக்கத்தில் உம்மாவின் தண்ணீர் முறையை எழுதியிருந்தேன். பார்த்தார். ஆறின சோற்றைச் சாப்பிட்டார்.

வந்தது 2024. நோன்பு மார்ச் நடுப்பகுதியில் தொடங்கி ஏப்ரல் இரண்டாம் வாரம் வரைக்கும். அந்த மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் என்று வரைபடத்தில் நிறமிட்டு அறிவித்துக்கொண்டிருந்தது. காற்றின் சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து உடம்புக்கு எவ்வளவாகத் தெரியும் என்ற கணக்கு அது. பாடசாலைப் பிள்ளைகளை வெயிலில் விளையாட விடவேண்டாம் என்றும் அறிவுறுத்தினார்கள். நல்லது. வெளியில் வேலை செய்பவர்கள் நிழலில் ஓய்வெடுக்கவேண்டும், கடும் வேலையைக் குறைக்கவேண்டும் என்றும் வாசித்தார்கள். அதுவும் நல்லது. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே, இரண்டு அடுப்புக்கு நடுவில், நோன்போடு நின்று பொரிப்பவளைப் பற்றி ஒரு வரியும் நான் கேட்ட அறிவித்தலில் இல்லை. அவள் வெளியில் இல்லையாம், வீட்டுக்குள்தானே இருக்கிறாள்!

உடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் துணியைச் சொல்கிறேன், உடையைச் சொல்லவில்லை. காற்றுப் போகாத தடித்த நைலோன் துணியில் தைத்ததைப் போட்டுக்கொண்டு மதியம் பன்னிரண்டு மணிக்கு பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறோம். அதே அடக்கத்தைத் தளர்ந்த பருத்தித் துணியிலும், வெளிர் நிறத்திலும் தைத்துக்கொள்ளலாம். தையற்காரியிடம் கேட்டால் “ஃபேஷன் இல்ல” என்கிறாள். கேட்பவர்கள் கூடினால் ஃபேஷனும் ஆகும்.

உம்மாவுக்கு நோன்பு பிடிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பள்ளிவாசல் மௌலவியிடமும் கேட்டோம். வயது போன தீராத நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, பித்யா கொடுத்தால் போதும் என்று அவர் விளக்கினார். உம்மா இரண்டையும் கேட்டுவிட்டு ஸஹர் நேரத்தில் எழும்பி வந்து பாயில் இருந்தார். “நான் ஏழு வயசில புடிச்ச நோன்பு மகள்” என்று அழுதார். ராத்தா வந்திருந்தார். என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, “அந்த அறையில கொண்டுபோய்ப் போட்டிரிக்காட்டி உம்மாக்கு இந்த நிலை வந்திரிக்குமா?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஏலாமல் போயிற்று. சொல்லவும் என்ன இருக்கிறது? ராத்தா பிறகு அதை மறந்து, எனக்குக் கஞ்சி காய்ச்ச உதவினார். நான் மறக்கவில்லை. அவர் மீது கோபமும் இல்லை.

அந்த வருடத்துத் தெற்காசிய அறிக்கை முந்தியதற்கு நேர்மாறாக, மழை இயல்பைவிடக் கூடும் என்று சொன்னது. இந்தியாவில் அப்படியே பெய்தது. “மழை கூட எண்டு செல்றான், சாக்கைக் கழட்டுவமா?” என்று மச்சான் கேட்டார். கழட்டவில்லை. அங்கே எவ்வளவு கூடப் பெய்தாலும், மலைக்கு மேற்கே எவ்வளவு பெய்தாலும், மே பிறந்தால் எங்கள் பக்கம் இறங்குவது அதே காய்ந்த காற்றுத்தான். அறிக்கையைக் கேட்கும்போது அது எந்த இடத்தைப் பற்றியது, நம் ஊர் மலைக்கு எந்தப் பக்கம் என்பதையும் பார்க்கவேண்டும்.

வெட்டிய மாமரத்தின் இடத்தில் அறை இருப்பதால் அதே இடத்தில் மரம் வைக்கமுடியாது. இரண்டு முழம் தள்ளி, மதிலோரமாக வேம்பு ஒன்று வைத்திருக்கிறோம். பேத்தியின் உயரம் இருக்கிறது. நிழலுக்கு இன்னும் ஐந்தாறு வருடமாவது செல்லும். அதுவரைக்கும் சாக்குத்தான்.

இப்போதெல்லாம் இரவுச் செய்தி முடிந்து வானிலை வாசிக்கும்போது பிள்ளைகள் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். உம்மாவுக்குக் காது மந்தம். முடிந்ததும் கேட்பார்.

“என்னவாம் மகள் றேடியோவில?”

“கிழக்கில நாளைக்குச் சூடு கூடவாம் உம்மா. காத்தும் பலமாம்.”

உம்மா எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு விறாந்தை ஓரத்துக்குப் போய், முந்தானையை இலேசாக உயர்த்திப் பிடிக்கிறார். முந்தானை கடல் பக்கமாக அசைகிறது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார். வாப்பாவின் பெயரைச் சொல்லி ஏதோ முணுமுணுக்கிறார்.

“கச்சான்தான். விடியவே சாக்க நனைச்சிப் போடுங்க” என்கிறார். “புள்ளத்தாச்சிர ஜன்னலுக்கும்.”

மகளுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். அதை நாங்கள் உம்மாவுக்குச் சொல்லி மூன்று மாதமாகிறது. மறக்கவில்லை.